தேன், தேன்மெழுகு, புரோபொலிஸ் புண்ணுக்குப் போடலாமா? மலையகத்துல அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் முன்னால தோட்ட டிஸ்பென்சரியில காயத்துக்கு மருந்து கட்டுற வேலை பாத்தேன், இப்ப பண்டாரவளைப் பக்கம் வீட்டுக்குப் பின்னால தேனீப்பெட்டி வச்சிருக்கேன். ரெண்டையும் தெரிஞ்சவங்கிறதால தேன் வாங்க வாறவங்க, லயத்துல அக்கம்பக்கத்துல உள்ளவங்க, கொழும்புல வேலை செய்ற பிள்ளைகள் எல்லாரும் போன்ல கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதவிட எழுதி வச்சா எல்லாருக்கும் உதவும்னு அவங்க கேட்ட மாதிரியே இங்க போட்டிருக்கேன்.

தேன் தடவினா உண்மையிலேயே புண் ஆறுமா, இல்ல சும்மா பழைய ஆக்கள் சொல்ற கதையா?

உண்மைதான், ஆனா எல்லாப் புண்ணுக்கும் இல்ல. உலகம் பூரா நடக்குற மருத்துவ சோதனைகளச் சேத்துவச்சு அலசிப் பாக்குற கொக்ரேன்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க 2015ல தேன் பத்தின 26 சோதனைகள, மொத்தம் 3,000 பேருக்கு மேல, ஒண்ணா வச்சுப் பாத்தாங்க. ஓரளவு தெளிவா தெரிஞ்சது ரெண்டு விஷயம். ரொம்ப ஆழமா போகாத தீக்காயம், வழக்கமான கட்டு போட்டதவிட தேன் கட்டுல நாலஞ்சு நாள் முந்தியே ஆறுது. ஒப்பரேஷன் பண்ணின எடத்துல கிருமி புடிச்ச புண்ணும் கிருமிநாசினியும் காஸ்ங்கிற மெல்லிசுக் கட்டுத் துணியும் வச்சதவிட தேன்ல சீக்கிரம் ஆறுது.

கால் நரம்பு புடைச்சு, ரத்த ஓட்டம் கெட்டு, மாசக்கணக்கா ஆறாமக் கிடக்குற புண்ணுக்கு தேன் உதவுதுன்னு அந்த சோதனைகளால காட்ட ஏலல்ல. நம்ம பக்கத்துல வயசான ஆக்கள் அதிகமா தேன் தேடி வாறதே அந்த மாதிரிப் புண்ணுக்குத்தான், அதனாலதான் இத முதல்லயே சொல்லிர்றேன்.

தேன்ல அப்பிடி என்ன இருக்கு, இனிப்புப் பட்டா கிருமி கூடத்தானே செய்யும்?

நாலு வேலை ஒண்ணா நடக்குது. நல்லா பழுத்த தேன்ல தண்ணி 17லருந்து 20 வீதம்தான், மத்ததெல்லாம் பெரும்பாலும் சீனி, அதனால அது பக்கத்துல இருக்குற தண்ணிய இழுக்கும், கிருமிக்குள்ள இருக்குற தண்ணியையும் சேத்து இழுக்கும், கிருமி காஞ்சு போகும். ரெண்டாவது தேன் புளிப்புத்தன்மை உள்ளது, அதோட பீஎச் 3.2லருந்து 4.5 வரைக்கும், அந்தப் புளிப்புல நெறைய கிருமி வளர ஏலாது.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. தேனீ தன்னோட சுரப்பியிலருந்து குளுக்கோஸ் ஒக்சிடேஸ்னு ஒரு நொதிய தேன்ல கலந்துவிடும். போத்தல்ல கெட்டியா இருக்குற வரைக்கும் அது தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும், புண்ணுலருந்து ஊர்ற நீர் பட்டு தேன் கொஞ்சம் இளகினதும் முழிச்சுக்கிட்டு குளுக்கோஸ எடுத்து ஹைட்ரஜன் பெரொக்சைட் தயாரிக்க ஆரம்பிக்கும். டிஸ்பென்சரியில புண்ணுல ஊத்தினா நுரைக்குமே, அதே சாமான்தான், ஆனா இங்க ரொம்பக் கொஞ்சம் கொஞ்சமா வருது, அதனால தசைய அவ்வளவா அரிக்காது. நாலாவது, தேனீ தன் ஒடம்புல கிருமிய எதிர்க்க வச்சிருக்குற டிஃபென்சின்-1ங்கிற புரதமும் தேன்ல கொஞ்சம் வரும். கெட்டித்தேன்ல கிருமி வளராது, அதனால "இனிப்புப் பட்டா கூடும்"கிறது தண்ணியா இருக்குற சீனிக் கரைசலுக்குத்தான் பொருந்தும்.

அப்ப கித்துள் பாணி போட்டாலும் அதே வேலை செய்யுமே?

செய்யாது. சீனிய பசையாக் குழைச்சு புண்ணுல வைக்கிற முறை ஆஸ்பத்திரிகள்ல இருந்திருக்கு, தண்ணிய இழுக்குறதால அது கொஞ்சம் பலன் தரும். ஆனா பாணி கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினது, மேல சொன்ன நொதி அதுல கெடையாது, தேனவிடத் தண்ணியும் கூட. சாப்பிடுறதுக்கு அருமையான சாமான், புண்ணுல போடாதீங்க.

வீட்டில போத்தல்ல இருக்குற தேன அப்பிடியே எடுத்துப் போடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் கதைக்கிறது. ஆஸ்பத்திரியில புண்ணுக்குப் பாவிக்கிற தேன் தனி. அத வடிகட்டி, காமா கதிர் அடிச்சு, கிருமியோட வித்து கூட இல்லாம சுத்தம் பண்ணித்தான் டியூப்ல அடைக்கிறாங்க. ஏன் கதிர்னா, பச்சைத் தேன்ல குளொஸ்ட்ரிடியம்னு ஒரு கிருமியோட வித்து சில நேரம் இருக்கும், தேன்ல அது வளராது, ஆனா சாகாமத் தூங்கிட்டிருக்கும். அதக் கொல்ற அளவுக்கு காய்ச்சினா நொதியும் சேந்து செத்துப்போகும், தேனும் வெறும் பாகாயிரும். கதிர் அடிச்சா வித்து சாகுது, தேனோட கிருமி கொல்ற சக்தி நிக்குது.

நம்ம கையில இருக்குறது அப்பிடியில்ல. காட்டுலருந்து வாற தேன பெரும்பாலும் அடையோட கையால பிழிஞ்சுதான் எடுக்குறாங்க, அதுல புழு, மகரந்தம், கை அழுக்கு, சாக்குத் துணி நார் எல்லாம் சேந்திருக்கும். சாப்பிட ஒண்ணும் பெருசா ஆகாது, ஆனா திறந்த தசையில வைக்கிறது வேற. என்னோட கணக்கு இதுதான்: தோல் மட்டும் உரிஞ்ச சிராய்ப்பு, சொறிஞ்சு சிவந்த எடம், செருப்புக் கடி, இதுக்கு பெட்டியில எடுத்த சுத்தமான தேன் போடலாம். கவ்வாத்துக் கத்தி ஆழமா வெட்டினது, ஆணி குத்தினது, நாய் கடிச்சது, தையல் போட்ட எடம், இதுக்கெல்லாம் வீட்டுத் தேன் வேணவே வேணாம். ஆழமான காயத்துக்கு ஏற்பு (டெட்டனஸ்) ஊசியும் தேவைப்படும், அத எந்தத் தேனும் ஈடு செய்யாது.

ஒரிஜினல் தேன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? தண்ணியில போட்டா அடியில போய் நிக்கணும்னு சொல்றாங்க, நெருப்புக்குச்சி எரியணும்னும் சொல்றாங்க

ரெண்டையும் நம்பாதீங்க. கெட்டியாக் காய்ச்சின சீனிப்பாகும் தண்ணியில அடிக்குத்தான் போகும், அதுல தோச்ச நெருப்புக்குச்சியும் பத்தும். நல்ல தேனே தண்ணி கொஞ்சம் கூடினதா இருந்தா குச்சி பத்தாம சீறும். எறும்பு வராதுங்கிறதும் பொய். உறைஞ்சு மணல் மாதிரி ஆனா சீனி கலந்ததுன்னு நெனச்சு நல்ல தேன கொட்டினவங்கள எனக்குத் தெரியும், உறையிறது தேனோட இயல்பு, நுவரெலியாக் குளிர்ல இன்னும் சீக்கிரமா உறையும்.

வீட்டில வச்சு நிச்சயமா சொல்ற மாதிரி ஒரு டெஸ்டும் இல்ல, லேப்லதான் முடியும். அதனால ரோட்டோரம் கம்புல தொங்கவிட்டு விக்கிறதவிட, பெட்டி வச்சிருக்குற ஆளக் கண்ணால பாத்து, முடிஞ்சா தேன் எடுக்குற நாளே போய் வாங்குங்க. பண்டாரவளை பிந்துனுவெவயில விவசாயத் திணைக்களத்தோட தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கு, பெட்டி வைக்கிறது பத்தி, தேன் எடுக்குறது பத்தி அங்க போய் கேக்கலாம். வாங்கின பொறகு மூடி இறுக்கமா இருக்கணும், வெயில் படக்கூடாது. நம்ம பக்கத்துப் பனிமூட்டத்துல திறந்து வச்சா தேன் காத்துல இருக்குற ஈரத்தக் குடிச்சு இளகிரும், பொறகு நுரைச்சு புளிக்கும். புளிச்ச தேன புண்ணு பக்கமே கொண்டு போகாதீங்க.

மானுக்கா தேன்னு ஒண்ணு விக்கிறாங்களே, அந்த விலைக்கு என்ன இருக்கு?

நியூசிலாந்துல வளர்ற ஒரு செடியோட பூவுலருந்து வாற தேன். அங்க வைக்காட்டோ பல்கலைக்கழகத்துல பீட்டர் மோலன்கிறவர் 1980கள்ல இந்தத் தேன்ல பெரொக்சைட் வேலைய நிப்பாட்டின பொறகும் கிருமி சாகுதுன்னு கண்டுபிடிச்சார், அதுக்குக் காரணம் மெத்தில்கிளையொக்சால்ங்கிற பொருள்னு 2008ல தெரிய வந்துச்சு. நம்ம ரத்தத்துலயும் தசையிலயும் பெரொக்சைட்ட உடைக்கிற கேட்டலேஸ்னு ஒரு நொதி இருக்கு, அதனால சாதாரணத் தேனோட சக்தி புண்ணுக்குள்ள போனதும் கொஞ்சம் கொறையும், மானுக்காவுல அந்தக் கொறை இல்ல. 2007ல அமெரிக்க மருந்து நிர்வாகம் புண்ணுக்கு அனுமதி குடுத்த தேன் கட்டும் இந்தச் செடி இனத்துத் தேன்தான்.

ஆனா சுப்பர்மார்க்கெட்ல பாண்ல பூச விக்கிற மானுக்கா போத்தலும் கதிர் அடிச்ச மருத்துவத் தேன் கிடையாது. அந்த விலையக் குடுத்து அந்தப் போத்தல வாங்கி புண்ணுல ஊத்துறதுல எனக்கு இஷ்டமில்ல. காசு செலவழிக்கிறதா இருந்தா புண்ணுக்குன்னே செஞ்ச டியூப் பார்மசியில கிடைக்குமான்னு கேளுங்க.

சரி, சின்னக் காயம்தான். எப்பிடிப் போடணும்?

முதல்ல கைய சவுக்காரம் போட்டுக் கழுவுங்க. காயத்தக் கொதிச்சு ஆறின தண்ணியில கழுவுங்க, பீலித்தண்ணி நேரா வேணாம். மழைக்காலத்துல அந்தத் தண்ணி எங்கெங்க ஓடி வருதுன்னு நமக்கே தெரியும். தேன நேரா புண்ணுல ஊத்தினா வழிஞ்சு போயிரும், அதனால சுத்தமான காஸ்ல தேன ஊற வச்சு அத புண்ணு மேல வைக்கணும், 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டுக்கு 20 மில்லி அளவு தேன் தேவைப்படும். அதுக்கு மேல இன்னொரு காஞ்ச காஸ் வச்சு, ஓரத்துல பிளாஸ்டர் ஒட்டி நல்லா மூடுங்க. லயத்துல படுக்குறவங்களுக்கு இந்த மூடுறது ரொம்ப முக்கியம், கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் ராத்திரியில எறும்பு வரிசையா வந்துரும்.

நீர் ஊர்ற புண்ணுன்னா ஒவ்வொரு நாளும் மாத்துங்க, நீர் கொறைஞ்சதும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். கட்டு காஞ்சு ஒட்டிக்கிட்டா பிய்க்காதீங்க, ஆறின தண்ணிய ஊத்தி இளக விடுங்க. போட்டவுடனே கொஞ்ச நேரம் சுரீர்னு எரியும், அது தேனோட புளிப்பால வாறது. அந்த எரிச்சல் அரை மணித்தியாலத்துக்கும் அடங்காம இருந்தா, இல்லாட்டி சுத்தியுள்ள தோல் தடிச்சு அரிச்சா, கழுவி எடுத்துருங்க, ஒத்துக்கல்ல.

அட்டை கடிச்ச எடத்துல தேன் தடவலாமா? ரத்தம் நிக்கவே மாட்டேங்குது

ரத்தம் நிக்காததுக்கு அட்டை தன் எச்சிலோட ரத்தம் உறையாம இருக்குற பொருள விடுறதுதான் காரணம், அத தேன் நிப்பாட்டாது. சுத்தமான துணி வச்சு அழுத்திப் புடிங்க, கால ஒயத்தி வைங்க. சுண்ணாம்பும் புகையிலையும் அட்டையக் கழட்டத்தான், கழட்டின பொறகு அந்த ஓட்டையில அத வைக்காதீங்க.

தேனுக்கு வேலை வாறது ரெண்டு மூணு நாளைக்குப் பொறகு. அட்டைக் கடி நாள்கணக்கா அரிக்கும், கொழுந்து எடுக்கும்போதே ஒரு காலால மத்தக் கால தேச்சுத் தேச்சு தோல் உரிஞ்சு, அதுல சேறு பட்டு, கணுக்கால்ல வரிசையா சின்னச் சின்னப் புண்ணா நிக்கும். அந்த நெலையில சாயங்காலம் கழுவி மேல சொன்ன மாதிரி தேன் கட்டு போட்டா நல்லா கேக்கும், நானே நெறையப் பேருக்குக் கட்டியிருக்கேன். பகல்ல மலைக்குப் போகும்போது தேன் வேணாம், ஈரத்துல கட்டு நிக்காது.

அடுப்புல சுட்டுக்கிட்டா ஒடனே தேன் போடணுமா?

ஒடனே தண்ணி. ஓடுற தண்ணியில 20 நிமிஷம் புடிக்கணும், நம்ம ஊர்க் குளிர்ல அது கஷ்டம்தான், ஆனாலும் அந்த 20 நிமிஷத்துக்கு ஈடான மருந்து வேற இல்ல. சுட்ட எடத்த மட்டும் தண்ணியில புடிங்க, மத்த ஒடம்பப் போத்தி வைங்க, முக்கியமா சின்னப் பிள்ளைகள. பற்பசை, மா, எண்ணெய் எதுவும் பூசாதீங்க.

முதல் கேள்வியில தீக்காயத்துக்கு தேன் நல்லதுன்னு சொன்னேன்தான், அது ஆஸ்பத்திரியில காயத்தப் பாத்து ஆழத்த அளந்து பொறகு கட்டினது. நாணயக்குத்தி அளவு சிவந்திருந்தா தண்ணியில புடிச்சு சூடு தணிஞ்ச பொறகு வீட்டில தேன் தடவலாம். காயம்பட்டவரோட உள்ளங்கையவிடப் பெருசா இருந்தாலோ, முகம், கை, மூட்டு, மறைவிடத்துல இருந்தாலோ, வெள்ளையா மரத்துப் போயிருந்தாலோ, சின்னப் பிள்ளையா இருந்தாலோ ஒண்ணும் பூசாம சுத்தமான துணியால மூடிக் கூட்டிட்டுப் போங்க.

பிள்ளைக்கு வாயச் சுத்தி புண்ணு வந்து மஞ்சளாப் பொருக்குக் கட்டுது, பிள்ளைமடுவத்துல மத்தப் பிள்ளைகளுக்கும் இருக்கு. தேன் போடவா?

இது ஒருத்தர்ட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்துற கிருமிப் புண்ணு, ஸ்டெஃபைலோகொக்கஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ்னு ரெண்டு கிருமியால வாறது. தேன் இந்த ரெண்டையும் லேப்ல கொல்லும்தான். ஆனா பிள்ளை வாயச் சுத்தியிருக்குற தேன நக்கிரும், கையால தேச்சு மத்த எடத்துக்கும் பரப்பும். பார்மசி களிம்பு வேலை செய்யுற நல்ல மருந்து, டாக்டர்ட்ட காட்டி அதப் போடுங்க, நகத்த வெட்டி விடுங்க, துவாய தனியா வைங்க.

இதுல பயப்பட வேண்டியது ஒண்ணு இருக்கு. தோல்ல ஸ்ட்ரெப்டோகொக்கஸ் வந்து போன பொறகு, புண்ணு காஞ்சு மறந்தே போன மூணு வாரமளவுல சில பிள்ளைகளுக்கு சிறுநீரகம் வீங்கும். மூஞ்சி, கண்ணிமை காலையில ஊதியிருக்கும், மூத்திரம் கொறையும், சாயத் தேத்தண்ணி மாதிரி போகும். அப்பிடிக் கண்டா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் சுத்தி ராத்திரியில பயங்கரமா அரிச்சா அது வேற, சொறி. அது தோலுக்குள்ள துளைச்சுப் போற ஒரு சின்னப் பூச்சியால வாறது, தேன் அந்தப் பூச்சியக் கொல்லாது. அதுக்கு 5 வீத பெர்மெத்ரின் கிரீம், வீட்டில எல்லாரும் ஒரே ராத்திரி கழுத்துலருந்து கால்வரை பூசணும், ஒரு வாரத்துல திரும்பப் பூசணும். ஒருத்தர் விட்டாலும் எல்லாருக்கும் திரும்ப வரும். சின்னக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எப்பிடிப் பூசணும்னு டாக்டர்ட்ட கேட்டுக்குங்க.

கைக்குழந்தைக்கு அணையாடைப் புண்ணு, தேன் தடவினா நல்லதுன்னு மாமியார் சொல்றாங்க

ஒரு வயசுக்குள்ள பிள்ளைக்கு வீட்டுத் தேன் வாயிலயும் வேணாம், தோல் உரிஞ்ச எடத்துலயும் வேணாம். நாலாவது கேள்வியில சொன்ன குளொஸ்ட்ரிடியம் வித்து வயித்துக்குள்ள போனா குழந்தையோட குடல்ல அது முளைச்சு நஞ்சு சுரக்கும், பிள்ளை பால் குடிக்க ஏலாம துவண்டு போகும், மூச்சும் நிக்கலாம். அரிதுதான், ஆனா வந்தா தாங்காது. பிறந்த குழந்தை நாக்குல தேன் தொட்டு வைக்கிற பழக்கம் நம்ம ஆக்கள்ட்ட இன்னும் இருக்கு, தயவுசெஞ்சு நிப்பாட்டுங்க. மாமியார் நல்லதுக்குத்தான் சொல்றாங்க, மருத்துவிச்சி அம்மா வாற நேரம் அவங்க வாயாலயே சொல்லச் சொல்லுங்க, கேப்பாங்க.

அப்பாக்கு சீனி வருத்தம், கால்ல புண்ணு. தேன் தடவினா ரத்தத்துல சீனி ஏறுமா?

சீனி ஏறுறதவிடப் பெரிய பிரச்சினை வேற. நீரிழிவுக் கால் பத்தி வழிகாட்டல் எழுதுற சர்வதேச நிபுணர் குழு 2023ல வெளியிட்டதுல, இந்தப் புண்ணு ஆறுறதுக்குன்னு தேனோ மத்தத் தேனீப் பொருளோ பாவிக்க வேணாம்னே எழுதியிருக்காங்க. இந்தப் புண்ணுக்கு அடிப்படை, உணர்ச்சி இல்லாத கால், கொறைஞ்ச ரத்த ஓட்டம், ஒரே எடத்துல விழுற அழுத்தம். மேல என்ன பூசினாலும் அது மூணும் மாறாது.

வலி இல்லங்கிறதால அப்பாமார் "சின்னப் புண்ணுதான்"னு சொல்லிட்டுத் திரிவாங்க. வலி இல்லாததுதான் இதுல ஆபத்து. கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க, போற நாள் வரைக்கும் சுத்தமான காஞ்ச கட்டு, அந்தக் கால ஊன்றாம வைக்கிறது, செருப்பில்லாம நடக்காதது. விரல் கறுத்தா, நாத்தம் வந்தா கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க.

சேத்துப்புண்ணுக்கு?

கால் விரல் இடுக்கு வெளுத்து உரியிறது பூஞ்சணத்தால. தேன் அந்த எடத்த இன்னும் ஈரமாக்கும், அந்த இடுக்குக்குத் தேவை காஞ்சு கிடக்குறது. பூட்ஸ் கழட்டின கையோட கழுவி, விரல் இடுக்கத் துடைச்சு, குளொட்ரிமசோல் களிம்பு பூசுங்க, வெளிப்பார்வைக்கு ஆறின பொறகும் ரெண்டு வாரம் பூசணும். படர்தாமரைக்கும் அதேதான்.

தேன்மெழுகுல களிம்பு செய்யலாமாமே, அது கிருமியக் கொல்லுமா?

மெழுகு பெருசா கிருமியக் கொல்லாது, அதோட வேலை தோல் மேல ஒரு மூடாக்கு போடுறது, உள்ள ஈரம் போகாம, வெளிய தண்ணி ஏறாம. அதனால இத நான் ரொம்ப மதிக்கிறேன், ஏன்னா நம்ம பொம்பளைகளுக்குப் புண்ணு வாறதே பாதி வெடிப்பு வழியாத்தான். கொழுந்து ஒடிக்கிற பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பாருங்க, ரேகை ரேகையா கறுத்து, பனிக்காத்து அடிக்கிற மாசத்துல அந்தக் கறுப்புக் கோட்டுலயே வெடிச்சு ரத்தம் கசியும், அதுக்குள்ள தேயிலைச் சாறும் மண்ணும் போய் வீங்கும். வெடிக்க விடாம வச்சாலே பாதிப் புண்ணு வராது.

ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு தேங்காயெண்ணெய். மெழுகு 62லருந்து 64 பாகை செல்சியஸ்ல உருகும், அடுப்புல நேரா வைக்காதீங்க, பத்திக்கும், ஒரு சட்டியில தண்ணி கொதிக்க வச்சு அதுக்குள்ள சின்னப் பாத்திரத்த எறக்கி உருக்கி, எண்ணெய்ய ஊத்திக் கலக்கி, டின்ல ஊத்தி ஆற விடுங்க. தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் குளிர்ல தேங்காயெண்ணெயே உறைஞ்சிரும், அதனால அங்க மெழுகக் கொறைச்சு அஞ்சு ஆறு பங்கு எண்ணெய் போடுங்க, இல்லாட்டி கல்லாட்டம் நிக்கும். ராத்திரி கையக் கழுவித் துடைச்சு பூசிட்டுப் படுங்க, குதிகால் பித்தவெடிப்புக்கும் கேக்கும். சலம் புடிச்ச வெடிப்புல மட்டும் பூசாதீங்க, உள்ளுக்கு அடைச்சுக்கும். தேனையும் இதோட சேக்கலாமான்னு கேக்குறாங்க, எண்ணெயும் தேனும் பிரிஞ்சு நிக்கும், அன்னன்னைக்குக் குழைச்சுப் பாவிக்கிறதா இருந்தா சரி.

புரோபொலிஸ்தான் தேனவிட வீரியம்னு சொல்றாங்க, உங்க பெட்டியில எடுத்துத் தர ஏலாதா?

ஏலாது, ஏன்னா என் பெட்டியில கிட்டத்தட்ட இல்ல. தேனீ மரத்துல கசியிற பிசினச் சேத்து, மெழுகோட குழைச்சு கூட்டுல ஓட்டை அடைக்கப் பாவிக்கிறதுதான் புரோபொலிஸ். வெளிநாட்டுல வளக்குற பெரிய தேனீ அத நெறைய சேக்கும். நம்ம பெட்டியில இருக்குற ஆசியத் தேனீ அந்தப் பழக்கமே இல்லாதது. கொட்டாத கொசுத்தேனீ பிசின் நெறைய சேக்கும், ஆனா அந்தப் பிசின்ல என்ன இருக்குங்கிறது அது எந்த மரத்துல எடுத்துச்சுங்கிறதப் பொறுத்து மாறும், ஒரு நாட்டுச் சரக்குல செஞ்ச சோதனைய இன்னொரு நாட்டுச் சரக்குக்கு அப்பிடியே பொருத்த ஏலாது.

லேப்ல அது கிருமியக் கொல்றது உண்மை, முக்கியமா ஸ்டெஃபைலோகொக்கஸ் மாதிரிக் கிருமிகள. ஆனா தோல் அலர்ஜி குடுக்குறதுல புரோபொலிஸ் பேர்போனது, பெட்டியோட பொழங்குறவங்களுக்கே கையில தடிப்பு வரும். பெரு பால்சம்ங்கிற வாசனைப் பிசின் ஒத்துக்காதவங்களுக்கு இதுவும் ஒத்துக்காமப் போகலாம். வாங்கின டிங்சர் இருந்தா முதல்ல முழங்கை மடிப்புல ஒரு சொட்டு பூசி ரெண்டு மூணு நாள் பாருங்க, அது பெரும்பாலும் சாராயத்துல கரைச்சது, திறந்த புண்ணுல ஊத்தினா உசிர் போற மாதிரி எரியும்.

ராயல் ஜெல்லி கிரீம், தேனீ விஷக் கிரீம் எல்லாம் ஒன்லைன்ல விக்கிறாங்களே?

ரெண்டுலயும் கிருமியக் கொல்ற பொருள் இருக்கு, ராயல் ஜெல்லியில ரோயலிசின், விஷத்துல மெலிட்டின். ஆனா அதெல்லாம் லேப் அளவுல நிக்குது, மெலிட்டின் நம்ம செல்லையும் சேத்து உடைக்கிற சாமான். ராயல் ஜெல்லி சாப்பிட்டு ஆஸ்மாக்காரங்களுக்கு மோசமான மூச்சுத்திணறல் வந்திருக்கு. காச வீணாக்காதீங்க, கொட்டினா ஒடம்பு வீங்குற ஆக்கள் விஷக் கிரீம் பக்கமே போகாதீங்க.

மூஞ்சில பரு, தேன் பூசினா போகுமா? யூடியூப்ல எல்லாரும் பூசுறாங்க

நியூசிலாந்துல 136 பேர வச்சு இதச் சோதிச்சுப் பாத்தாங்க, 2016ல வந்துச்சு. எல்லாரும் கிருமிநாசினி சவுக்காரம் போட்டுக் கழுவினாங்க, பாதிப் பேர் அதோட கானுக்காங்கிற மருத்துவத் தேனும் பூசினாங்க, வித்தியாசம் ஒண்ணும் பெருசா தெரியல்ல. அதே தேன் மூஞ்சி சிவந்து போற ரோசேசியாங்கிற வருத்தத்துக்கு கொஞ்சம் உதவிச்சு. வாயோரம் வாற வைரஸ் கொப்புளத்துக்கு 952 பேர்ல பாத்ததுல அசைக்ளோவிர் கிரீமும் அந்தத் தேனும் ஒரே மாதிரித்தான் இருந்துச்சு, அது 2019. பூசினா பெரிய கெடுதல் இல்ல தங்கச்சி, ஆனா எலுமிச்சம்புளி சேத்துப் பூசாதே, வெயில்ல தோல் கருகிரும்.

குளவி கொட்டின எடத்துல தேன் பூசினா விஷம் எறங்குமா?

எறங்காது. மலையில கலைஞ்சு வந்து கொட்டுறது பல நேரம் பாறையிலயும் மரத்துலயும் கட்டுற மலைத்தேனீ, அது கொடுக்க தோல்லயே விட்டுட்டுப் போகும். அந்தக் கொடுக்குப் பை நிமிஷக்கணக்குல விஷத்த எறக்கிக்கிட்டே இருக்கும், அதனால நகத்தாலயோ எதாலயோ ஒடனே எடுத்துருங்க, தேன் தேடிப் போற நேரம் இல்ல. குளிர்ந்த துணி வைங்க.

மூச்சு எறைச்சா, நாக்கு உதடு வீங்கினா, ஒடம்பு பூரா தடிச்சா, மயக்கம் வந்தா, ஒரே கொட்டுன்னாலும் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிங்க. பத்து இருபதுக்கு மேல கொட்டியிருந்தா ஆள் நல்லாக் கதைச்சாலும் ஆஸ்பத்திரிதான், விஷம் சிறுநீரகத்தத் தாக்குறது மறுநாள் மறுநாளுக்குப் பொறகும் தெரியும்.

அன்டிபயோடிக் கேக்காத கிருமியக்கூட தேன் கொல்லுமாமே, அப்ப குளிசைய நிப்பாட்டிட்டு தேன் போட்டா நல்லதுதானே?

முதல் பாதி சரி. மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகொக்கஸ் கூட லேப்ல தேன்ல சாகுது, நாலு வழியில ஒண்ணா அடிக்கிறதால கிருமி தேனுக்குப் பழகிக்கிறதும் கஷ்டம். இன்னைக்கு மருந்துக்கு அடங்காத கிருமி கூடிக்கிட்டுப் போற காலத்துல இது பெரிய விஷயம், அதனாலதான் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகள் திரும்பத் தேன் பக்கம் வந்திருக்கு.

ரெண்டாவது பாதி தப்பு. தேன் தொடுற எடத்துலதான் வேலை செய்யும். கிருமி தோலுக்கு அடியில பரவி கால் சிவந்து வீங்கின பொறகு, இல்லாட்டி ரத்தத்துல ஏறின பொறகு, மேல வச்ச தேன் அங்க போகாது. டாக்டர் குடுத்த குளிசைய சொன்ன நாள் வரைக்கும் குடிங்க, பாதியில நிப்பாட்டினா எஞ்சின கிருமி திரும்பக் கெளம்பும். தேன் கட்டு வேணும்னா அதோட சேத்துப் போடலாமான்னு அவர்ட்டயே கேளுங்க.

எத்தனை நாள் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும்? ஒரு நாள் போனா பேர் போயிருது

ரெண்டு நாள். சின்னக் காயம் ரெண்டு நாள்ல கொஞ்சமாவது காஞ்சு வலி கொறையணும், கொறையல்லன்னா தேன் அதுக்குப் பத்தல்ல. சிவப்பு பரவிக்கிட்டே போகுதான்னு தெரிய ஓரத்துல பேனாவால ஒரு கோடு போட்டு வைங்க, மறுநாள் சிவப்பு கோட்டத் தாண்டியிருந்தா காத்திருக்காதீங்க. காய்ச்சல், நடுக்கம், சிவப்புக் கோடு மேல ஏறுறது, தொடையிலயோ கக்கத்துலயோ நெறி கட்டுறது, கருமையாகுறது, புண்ணோட அளவுக்கு மீறின வலி, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே போங்க.

ஒரு நாள் பேர், அதாவது அன்னைய சம்பளம், போறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், அந்த ஒரு நாளுக்குப் பயந்து மூணு வாரம் வார்ட்ல கிடந்தவங்களுக்கும் நான் கட்டு மாத்தியிருக்கேன். தோட்ட டிஸ்பென்சரியில காலையிலயே காட்டி துண்டு வாங்கிட்டுப் போனா அலைச்சல் கொறையும்.

தேன் போட்டேன்னு டாக்டர்ட்ட சொன்னா ஏசுவாரு, சொல்லாம கழுவிட்டுப் போகவா?

சொல்லுங்க. கழுவிட்டுப் போனாலும் சொல்லுங்க. என்ன போட்டீங்க, எத்தனை நாள் போட்டீங்க, வேற மஞ்சள், இலைச்சாறு எதும் சேத்தீங்களான்னு தெரிஞ்சாத்தான் அந்த நெறமும் பிசுபிசுப்பும் புண்ணால வந்ததா, பூசினதால வந்ததான்னு அவங்களுக்குப் பிரிக்க ஏலும், அலர்ஜியா கிருமியான்னும் வெளங்கும். போத்தல்ல லேபல் இருந்தா போன்ல படம் எடுத்துட்டுப் போங்க. யாராவது ஏசினாலும் பரவாயில்ல, கேட்டுக்கிட்டு கட்ட மாத்திட்டு வாங்க, அடுத்த கட்டு எப்ப மாத்தணும்னும் எங்க மாத்தணும்னும் அங்கயே எழுதி வாங்கிக்குங்க.